ஒரே அகலக்கோட்டில் பல காலநிலைகள்: கொத்மலை ஓயா வடிநிலமும் ஆக்கிரமிப்பு நீர்த்தாவரங்களும்

கொழும்பும் நுவரெலியாவும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில், ஒரே அகலக்கோட்டில் அமைந்த நகரங்கள். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 100 கிலோமீற்றர் அளவே தூரம் இருந்தபோதிலும், கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸைத் தாண்டி நிற்க, கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 16 பாகையை ஒட்டியே இருக்கிறது. இதே சராசரியைக் கடலோரத் தாழ்நிலத்தில் காண வேண்டுமானால் வடக்கே டோக்கியோ வரை, அதாவது ஏறத்தாழ 36ஆம் பாகை வரை, செல்ல நேரும். ஈரநிலத் தாவரங்களின் வளர்ச்சி அகலக்கோட்டுக்கு ஏற்ப எவ்வாறு மாறுகிறது, ஒரு செடி அந்நிய மண்ணில் பரவி மற்றச் செடிகளை ஒடுக்கும் தன்மைக்கும் அந்த மாற்றத்துக்கும் என்ன தொடர்பு என்னும் கேள்விகள் இன்றைய தாவரச் சூழலியலில் விரிவாக ஆராயப்படுகின்றன. அவ்வாய்வுகளின் முடிவுகளை இலங்கையின் மலையகத்துக்குப் பொருத்திப் பார்க்கும்போது ஓர் அடிப்படைச் சிக்கல் எழுகிறது: அவை அகலக்கோட்டால் வரும் குளிரைப் பற்றிப் பேசுகின்றன, மலையகத்தின் குளிரோ உயரத்தால் வருவது.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண்பதற்குக் கொத்மலை ஓயாவின் வடிநிலத்தைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் அரிது. 2,100 மீற்றருக்கு மேல் விரியும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் ஆக்ரா ஓயாவும், நுவரெலியாப் பக்கத்திலிருந்து வரும் நானு ஓயாவும் இந்த ஆற்றுக்கு நீர் சேர்க்கின்றன. தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் சிறிய நீர்த்தேக்கம் ஏறத்தாழ 1,194 மீற்றர் மட்டத்தில் அந்நீரைத் தடுத்து நிறுத்துகிறது. அதற்குக் கீழே, துரித மகாவலித் திட்டத்தின் கீழ் சுவீடன் நாட்டு உதவியோடு கட்டப்பட்டு 1985இல் நிறைவுபெற்ற கொத்மலை அணை, 703 மீற்றர் மட்டத்தில் 17 கோடிக்கும் அதிகமான கனமீற்றர் நீரைத் தேக்கும் கொள்ளளவு கொண்டது. அங்கிருந்து ஆறு கம்பளைக்கு மேலே மகாவலியில் கலந்து, பேராதனையைக் கடந்து, விக்டோரியா, ரந்தெனிகல நீர்த்தேக்கங்களின் வழியே கிழக்குச் சமவெளிக்குப் போய்ச் சேர்கிறது. உயரம் 1,000 மீற்றர் கூடும்தோறும் வெப்பநிலை 6 பாகையளவு குறையும் என்ற பொது விதிப்படி கணித்தால், கொத்மலை நீர்த்தேக்கத்தின் சராசரி 23 பாகையை ஒட்டியும், மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் சராசரி 20 பாகையை ஒட்டியும் அமையும். ஒரே ஆறு, ஒரே அகலக்கோடு, ஒரே பகற்பொழுது. ஆனால் தலைக்கும் காலுக்கும் இடையே 8 பாகைக்கும் கூடிய வெப்ப வேறுபாடு.

அகலக்கோடு ஒரு நீர்த்தாவரத்தை எவ்வகையில் ஆள்கிறது என்பதை முதலில் விளக்குவது அவசியம். நிலத்துச் செடிகளைவிட ஈரநிலச் செடிகள் பொதுவாகப் பரந்த பரவலுடையவை. நீர் வெப்பத்தை மெதுவாக ஏற்று மெதுவாக இழப்பதாலும், நீர்ப்பறவைகளும் வெள்ளமும் விதைகளையும் துண்டுகளையும் நெடுந்தூரம் கொண்டுசெல்வதாலும், ஒரே இனம் பல நாடுகளின் சதுப்புகளில் வாழ்வது சாதாரணம். பிரக்மைற்றிஸ் ஒஸ்ட்ராலிஸ் என்னும் நாணல் இதற்குச் சிறந்த சான்று. அது வடக்கு ஐரோப்பாவிலும் உண்டு, மத்தியதரைக் கடலோரத்திலும் உண்டு. இவ்வாறு பல இடங்களில் வாழும் ஒரே இனத்தின் வேறுபாடுகள் பிறப்பால் வந்தவையா, இடத்தால் வந்தவையா என்று பிரித்தறிய, தாவரவியலாளர்கள் பொதுத்தோட்டச் சோதனை என்னும் முறையைக் கையாள்கின்றனர். பல அகலக்கோடுகளிலிருந்து எடுத்த செடிகளை ஒரே மண்ணில், ஒரே வானிலையில் அருகருகே வளர்ப்பதே அம்முறை. அங்கேயும் மறையாமல் நிற்கும் வேறுபாடு பரம்பரையாக வருவது, மறைந்துபோகும் வேறுபாடு சூழலால் மட்டும் வந்தது என்று கொள்ளப்படும். டென்மார்க்கின் ஓகஸ் பல்கலைக்கழகத்து ஹான்ஸ் பிரிக்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நாணலை இவ்வாறு ஒப்பிட்டபோது, தெற்கிலிருந்து வந்தவை குறைந்த எண்ணிக்கையில் உயரமான தண்டுகளை எழுப்பி நீண்ட காலம் வளர்வதையும், வடக்கிலிருந்து வந்தவை குட்டையான பல தண்டுகளோடு விரைவில் பூத்து வளர்ச்சியை முடித்துக்கொள்வதையும் கண்டனர். வடக்கத்திய செடிக்குப் பனிக்காலம் வருவதற்குள் வேர்த்தண்டில் உணவைச் சேமித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி உண்டு; பகற்பொழுதின் நீளம் குறைவதை அது எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறது.

ஆக்கிரமிப்புத் தாவரங்கள் இந்தப் பாடத்தை வியக்கத்தக்க வேகத்தில் கற்றுக்கொள்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குச் சென்ற லித்ரம் சலிகேரியா என்னும் ஊதாப் பூச்செடி, அங்கே வடக்கு நோக்கிப் பரவப் பரவ முன்கூட்டியே பூக்கும் இயல்பைப் பரம்பரையாகப் பெற்றுவிட்டதை ரொபர்ட் கொலௌட்டி, ஸ்பென்சர் பரெட் ஆகியோர் 2013இல் சயன்ஸ் இதழில் நிறுவினர். அவ்வாறு தகவமைந்திராவிட்டால் வடக்கில் அதன் விதை உற்பத்தி பெரிதும் குன்றியிருக்கும். சீனக் கடலோரத்தில் 1979இல் சேற்றைப் பிடித்து நிறுத்துவதற்காகக் கொண்டுவந்து நடப்பட்ட ஸ்பார்ட்டினா அல்ட்டர்னிஃபுளோரா என்னும் உவர்ச்சதுப்புப் புல்லின் கதை இன்னும் நுட்பமானது. அதன் உயரமும் அடர்த்தியும் இடைநிலை அகலக்கோடுகளில் உச்சத்தை எட்டி இருபுறமும் குறைய, விதை விளைச்சலோ வடக்கே போகப் போகக் கூடுகிறது. பொதுத்தோட்டத்தில் சேர்த்து வளர்த்தபோது உயர வேறுபாடு மறைந்துவிட, விதை வேறுபாடு மட்டும் நிலைத்து நின்றது. நெடிய வளர்ச்சி சூழலின் கொடை. இனப்பெருக்க முறையோ சில பத்தாண்டுகளுக்குள் பரம்பரையில் பதிந்த மாற்றம். ஒரு செடியின் ஆக்கிரமிப்பு வலிமையை அதன் உயரத்தைக்கொண்டோ பசுமையைக்கொண்டோ அளப்பது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த முடிவுகள் யாவும் பனிக்காலம் உள்ள நாடுகளிலிருந்து வந்தவை. அங்கே அகலக்கோடு கூடும்போது மூன்று காரணிகள் ஒன்றாகவே மாறுகின்றன: சராசரி வெப்பம் குறைகிறது, வளர்பருவம் சுருங்குகிறது, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையிலான பகற்பொழுதின் வேறுபாடு விரிகிறது. டோக்கியோவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஐந்து மணி நேரத்தை நெருங்கும் வேறுபாடு. நுவரெலியாவில் அது ஒரு மணி நேரத்தையும் எட்டுவதில்லை. டோக்கியோவின் ஜனவரிச் சராசரி 5 பாகை அளவுக்குத் தாழ்ந்து, ஓகஸ்ட் சராசரி 27 பாகை அளவுக்கு உயர, நுவரெலியாவின் மாதச் சராசரிகள் ஆண்டு முழுவதும் மூன்று நான்கு பாகைக்குள்ளேயே அசைகின்றன. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் நுவரெலியாவில் தரையுறைபனி படிவதும், தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்டென்றாலும், அது சில விடியற்காலைகளோடு முடிந்துபோகும் நிகழ்வு. குளம் உறைவதில்லை, ஆறு நிற்பதில்லை. ஆகவே மலையகத்தில் குளிர் ஒரு செடியின் வளர்ச்சியை மெதுவாக்குகிறதே ஒழிய, ஆண்டுக்கொருமுறை அதைக் கொன்று கணக்கை முடிப்பதில்லை. மிதமண்டலத்தில் பனிக்காலம் செய்யும் களையெடுப்பு இங்கே எவராலும் செய்யப்படாமல் கிடக்கிறது என்பதே மலையக நீர்நிலைகளைப் பற்றிச் சிந்திப்போர் மறக்கக்கூடாத உண்மையாகும்.

இலங்கையின் தாழ்நிலம் இரண்டு பெரும் நீர்க்களைகளின் கொடுமையை அனுபவித்துள்ளது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஆகாயத்தாமரை, கிழக்கிலங்கையில் ஆற்றுவாழை என்றும் வழங்கப்படுவது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக வந்து, 1909இலேயே தனக்கென ஒரு தனிக் கட்டளைச் சட்டத்தை இயற்றவைத்தது. இரண்டாவது சல்வீனியா. 1939ஆம் ஆண்டளவில் கொழும்புக்கு வந்த இந்த மிதக்கும் பன்னம் வயல்களையும் கால்வாய்களையும் மூடியது. விதையோ வீரியமுள்ள வித்தியோ இதற்கு இல்லை. ஐந்து தொகுதி நிறமூர்த்தங்களைக் கொண்ட மலட்டுக் கலப்பினமாகிய இது, ஒடிந்த துண்டுகளால் மட்டுமே பெருகுகிறது. இருந்தும் உகந்த வெப்பமும் போசணையும் கிடைத்தால் இரண்டு மூன்று நாட்களில் இரட்டிக்கக்கூடியது. 1972இல்தான் டேவிட் மிச்செல் இதைத் தனி இனமாகப் பிரித்து சல்வீனியா மொலெஸ்ற்றா எனப் பெயரிட்டார். 1970களின் பிற்பகுதியில் அதன் தாயகம் பிரேசிலின் தென்கிழக்கே, தெற்கு அகலக்கோடு 24க்கும் 32க்கும் இடையில் இருப்பது கண்டறியப்பட்டது. குளிர்காலத்தை ஓரளவு அறிந்த ஓர் உபவெப்பமண்டலச் செடி, குளிர்காலமே இல்லாத இலங்கைக்கு வந்தபோது பேயாட்டம் ஆடியது. தன் சொந்த ஊரிலோ அது எவரும் பொருட்படுத்தாத சாதாரணச் செடி.

சொந்த ஊரில் அதை அடக்கிவைத்தது குளிர் மட்டுமா என்ற கேள்விக்கு விடை அதன் பகையிடம் கிடைத்தது. சிற்றோபேகஸ் சல்வீனியே என்னும் சிறு கூன்வண்டு பிரேசிலில் இச்செடியின் மொட்டைத் தின்று, அதன் புழு தண்டைத் துளைத்து வாழ்கிறது. 1980இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து மூண்டரா ஏரியில் விடப்பட்ட சிறு எண்ணிக்கை வண்டுகள், அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஆயிரக்கணக்கான தொன் எடையுள்ள சல்வீனியாவை அழித்தன. அவ்வண்டு 1986இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, பல நீர்நிலைகளில் அரிய வெற்றியைத் தந்தது. அதைப் பற்றிய பொருளாதார மதிப்பீடு, செலவிட்ட பணத்தைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் நன்மை விளைந்ததாகக் கணித்தது. உயிரியல் கட்டுப்பாட்டின் வரலாற்றில் இலங்கை பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க பக்கம் இது.

மலையகத்தைப் பொறுத்தவரை கவலைக்குரிய செய்தி இதற்குள்ளேயே இருக்கிறது. சல்வீனியா 10 பாகையைச் சற்றுத் தாண்டிய குளிரிலும் மெதுவாகவேனும் இலை விடும். அதன் வண்டுக்கோ 20 பாகையை ஒட்டிய வெப்பம் இல்லாதபோது முட்டையிடுதலும் பொரித்தலும் தடைப்படுகின்றன. செடியின் குளிர்வரம்புக்கும் பகையின் குளிர்வரம்புக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் விழும் நீர்நிலையில் செடி வளரும், பகை பெருகாது. மேலே கணித்த சராசரிகளோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், கொத்மலை நீர்த்தேக்கம் வண்டின் எல்லைக்குள்ளும், நுவரெலியாவின் கிரெகரி ஏரி எல்லைக்கு வெளியிலும், மேல் கொத்மலை நீர்த்தேக்கம் ஏறத்தாழ அந்த எல்லைக்கோட்டின் மேலேயும் அமைவது புலனாகும். வெயில்படும் மேல்நீரின் வெப்பம் காற்றின் சராசரியிலிருந்து வேறுபடும் என்பதால் இக்கணிப்பைத் துல்லியமான கோடாகக் கொள்ள முடியாது. ஆயினும் தாழ்நிலத்தில் வெற்றிபெற்ற கட்டுப்பாடு மேலேயும் தானாகவே வெற்றிபெறும் என்று எண்ணுவது பிழை என்பதைக் காட்ட இது போதும். பனிக்கால நாடுகளில் இதே இடைவெளி அகலக்கோட்டால் உண்டாகிறது: அமெரிக்காவின் தென்கோடியில் முதலைக்களை என்னும் நீர்க்களையை ஒழித்த அகாசிக்கிளிஸ் என்னும் வண்டு, குளிர்காலத்தைத் தாங்காமல் வடக்கே தோற்றது. அங்கே பனியாவது செடியையும் சேர்த்து வருத்துகிறது. மலையகத்தின் மிதமான குளிர் பகையை மட்டும் தடுத்து, செடியை விட்டுவிடக்கூடும்.

முதலைக்களை என்னும் அல்ட்டர்னன்தெரா ஃபிலொக்சிரொய்டிஸ் இலங்கையருக்குத் தனிப்பட்ட முறையிலும் நெருக்கமானது. அது பொன்னாங்கண்ணியின் உடன்பிறந்த இனம். ஓடையோரத்தில் பறித்துக் கறியாக்கும் பொன்னாங்கண்ணிக்கும் இதற்கும் முதற்பார்வையில் தெரியும் ஒற்றுமை பெரிது. களையின் பூங்கொத்து காம்போடு நிமிர்ந்து நிற்க, பொன்னாங்கண்ணியின் பூ இலைக்கக்கத்தில் காம்பின்றி ஒட்டியிருப்பதே நம்பத்தக்க அடையாளம். 1990களின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில், அங்கு குடியேறிய இலங்கையர் பலர் தம் வீட்டுத் தோட்டங்களில் இக்களையைப் பொன்னாங்கண்ணி என்றே நம்பி வளர்த்துவந்தது தெரியவந்து, அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று மாற்றுக்கீரை கொடுத்து அதை அகற்றினர். ஏறத்தாழ 38 பாகைத் தெற்கு அகலக்கோட்டின் குளிரில் அது பிழைத்திருந்தது மலையகத்துக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி. சீனாவில் பரவிய இச்செடிகளுக்குள் பரம்பரை வேறுபாடு மிகக் குறைவு எனவும், ஒரே குலம் நீரிலும் கரையிலும் தன் தண்டையும் இலையையும் மாற்றிக்கொண்டு வாழ்கிறது எனவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. லித்ரம் பரம்பரை மாற்றத்தால் சாதித்ததை, இது உடல் வளைந்துகொடுக்கும் தன்மையால் சாதிக்கிறது. ஒரு கட்டுக் கீரையோடு மலையேறுவதற்கு இதற்குத் தலைமுறைகள் தேவையில்லை.

கீழிருந்து மேலேறும் செடிகளை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கே ஆகும். உயரம் மிதமண்டலச் செடிகளுக்குத் தெற்கே ஒரு வீட்டைத் திறந்துவைக்கிறது. மேற்கு ஐரோப்பாவின் முட்புதரான ஊலெக்ஸ், ஆங்கிலேயர் காலத்தில் வந்து, இன்று ஹோர்ட்டன் சமவெளியின் பத்தனைப் புல்வெளியில் பரவி நிற்கிறது. நீலகிரியிலும் ரியூனியன் தீவின் உயர்நிலத்திலும் அதே செடி அதே வேலையைச் செய்கிறது. கிழக்கு ஆபிரிக்காவின் பூமத்திய மலைகளில் பிறந்த கிக்குயூ புல்லோ, உயரம், பகற்பொழுது இரண்டிலும் நுவரெலியாவுக்கு ஒத்த ஊரிலிருந்து வந்தது. எந்த அகலக்கோட்டிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்டு ஓர் அந்நியச் செடியின் அபாயத்தை மதிப்பிடும் பட்டியல் இவற்றில் ஒன்றையேனும் தவறவிட்டிருக்கும். இவற்றால் நெருக்கப்படக்கூடிய சுதேசச் செடிகளுக்கு ஒதுங்க வேறு இடமும் இல்லை. ஹோர்ட்டன் சமவெளியின் மெதுவாக ஓடும் குளிரோடைகளில் வாழும் அப்பொனொகெற்றன் ஜேக்கப்செனியை என்னும் நீர்ச்செடி இலங்கைக்கே உரியது. ஓடைக்கரைச் சதுப்புகளில் அடர்ந்து நிற்கும் குட்டை மூங்கிலும் அவ்வாறே உயர்நிலத்தோடு கட்டுண்டது. வடக்கே நகர்ந்து தப்ப ஐரோப்பியச் செடிக்கு ஒரு கண்டம் இருக்கிறது. இவற்றுக்கு மேலே சில நூறு மீற்றர் மலைமுகடும் அதன்பின் வானமுமே உள்ளன.

வெப்பத்தைப் பற்றிய இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் போசணையை மறந்தால் ஆய்வு பொய்த்துவிடும். நீர்த்தாவரத்தின் வளர்ச்சி வேகத்தை வெப்பம் வரையறுக்க, அது எவ்வளவு திரளாகக் குவியும் என்பதை நீரில் கரைந்த நைதரசனும் பொசுபரசும் முடிவுசெய்கின்றன. தேயிலைச் சரிவுகளில் இடும் பசளையும், நுவரெலியா, நானு ஓயா, தலவாக்கலைப் பள்ளத்தாக்குகளில் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு அள்ளி இடும் எருவும் பசளையும், லயங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வடியும் கழிவுநீரும் மழையோடு ஒரே ஆற்றில் சேர்கின்றன. அணை கட்டப்பட்டு ஆறு ஆண்டுகளே ஆன நிலையில், 1991இல், கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்ரிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி பெருந்திரளாகப் பூத்ததைப் பேராசிரியர் சுவர்ணா பியசிறி ஆராய்ந்து பதிவுசெய்தார். நற்போசணையாக்கம் எனப்படும் இந்த நிலை பாசிக்கு மட்டும் விருந்தல்ல. மிதக்கும் களை எது வந்தாலும் அதற்கும் அதே பந்தி காத்திருக்கிறது. லயங்களில் வாழும் தோட்டத் தொழிலாளரை இதற்குப் பொறுப்பாளியாக்குவது நியாயமன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்களுக்கு ஒழுங்கான கழிவகற்றல் வசதி செய்துகொடுக்காத நிர்வாகங்களின் கடன் அது. பீலியிலும் ஓடையிலும் குடிநீரைப் பிடிப்பவர்களாக, அந்த நீரின் கேட்டை முதலில் குடிப்பவர்களும் அவர்களே.

அணைகள் இன்னொரு வகையிலும் கணக்கை மாற்றியுள்ளன. பாறைகளின் மீது பாய்ந்தோடிய மலையாற்றில் ஆகாயத்தாமரையோ சல்வீனியாவோ கால்கொள்ள இடமே இருந்ததில்லை. நீரின் வேகமே காவலாக நின்றது. இரண்டு நீர்த்தேக்கங்களும் அந்த ஆற்றின் நடுவே அசையாத நீரை உண்டாக்கின. மின்னுற்பத்திக்கும் பாசனத்துக்கும் ஏற்ப நீர்மட்டம் ஏறி இறங்கும்போது, கரையைச் சுற்றி ஒரு வெற்றுச் சேற்றுப் பட்டை வெளிப்படுகிறது; கடும் வறட்சியில் கடதொரப் பழைய விகாரையின் இடிபாடுகள் நீரிலிருந்து எழும் அளவுக்கு மட்டம் இறங்குவதுண்டு. நிலையான கரையில் வேரூன்றும் சுதேச நாணலும் கோரையும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது கடினம். வெற்றுச் சேற்றில் முதலில் முளைப்பதற்கும், நீர் ஏறியதும் மிதப்பதற்கும் ஏற்றவை முதலைக்களை போன்ற செடிகளே.

காலநிலை மாறிவரும்போது இந்தக் கோடுகள் எல்லாம் நகரும். வெப்பநிலை ஒரு பாகை உயர்வது, மேலே சொன்ன வீதப்படி, ஒவ்வொரு வெப்ப எல்லையும் ஏறத்தாழ 170 மீற்றர் மலையேறுவதற்குச் சமம். வண்டின் எல்லையும் ஏறும், களையின் உகந்த எல்லையும் ஏறும், இரண்டில் எது முந்தும் என்பதே விளைவை முடிவுசெய்யும். பகற்பொழுது மட்டும் ஏறாது, இறங்காது. மிதமண்டல ஆய்வாளருக்கு வெப்பத்தையும் பகற்பொழுதையும் பிரித்துப் பார்க்க வளர்ப்பறைகளும் செயற்கை விளக்குகளும் தேவைப்படுகின்றன. மலையகத்திலோ அப்பிரிப்பை மலையே செய்துவைத்திருக்கிறது. 1861இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கல தாவரவியல் பூங்கா 1,700 மீற்றரை ஒட்டியும், 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் 1,380 மீற்றரை ஒட்டியும், பேராதனைத் தாவரவியல் பூங்காவும் பல்கலைக்கழகமும் 500 மீற்றரை ஒட்டியும் ஏற்கெனவே நிலைத்திருக்கின்றன. இம்மூன்றோடு கொத்மலைக் கரையில் ஒரு காவலிட்ட தொட்டித் தொகுதியைச் சேர்த்து, பொன்னாங்கண்ணியும் முதலைக்களையும், சுதேச நாணலும் சல்வீனியாவும் அதன் வண்டும், தப்பிப் போகாத அடைப்புக்குள் ஒரே மண்ணில் ஆண்டு முழுவதும் அளக்கப்படுமானால், எந்த உயரத்தில் எந்தச் செடி தன் பகையை விட்டு விலகி ஓடுகிறது என்பதை ஊகமின்றிச் சொல்ல முடியும். கிரெகரி ஏரியிலும் மேல் கொத்மலையிலும் கண்காணிப்பை எங்கே தீவிரப்படுத்துவது, எங்கே வண்டை நம்புவது, எங்கே கையால் அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற முடிவுகளை அந்த அளவீடுகளே தரும். இங்கிருந்து ஒடிந்து மிதக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் விக்டோரியாவுக்கும் ரந்தெனிகலவுக்கும் கிழக்கின் நெல்வயல்களுக்கும் போகும் பாதை திறந்தே இருப்பதால், அம்முடிவுகளுக்காகக் காத்திருப்போர் மலையகத்தில் மட்டும் இல்லை.